பிள்ளைகளை ஊருக்கு அனுப்புங்கள்

பேரன்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிர் வரிசையில் வேர்க்க விறுவிறுக்க அமர்ந்திருக்கும் என் இனிய நண்பர்களே! இந்தச் சித்திரை வெயிலிலும் பந்தல் கொள்ளாமல் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! "லீவு விட்டதே இதைப் பாக்கத்தானா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளே! (கைதட்டல்)

கோடை விடுமுறையில் பிள்ளைகள் பெரிதும் பயன் பெறுவது பயிற்சி வகுப்புகளிலா, உறவுகளின் வீடுகளிலா? உறவுகளின் வீடுகளில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால பேசின எதிரணி அம்மையார் ஒரு பட்டியல் வாசிச்சாங்க. காலையில நீச்சல், எட்டு மணிக்குக் கீபோர்டு, பத்து மணிக்கு அபாகஸ், சாயங்காலம் செஸ், அதுக்கப்புறம் கராத்தே. எங்க தெருவுல இதே பட்டியலோட ஒரு பையன் இருக்கான், அஞ்சாம் வகுப்பு. "லீவெல்லாம் எப்படிப்பா போகுது?"ன்னு கேட்டேன். "ஸ்கூல் எப்ப திறக்கும்னு இருக்கு அங்கிள். கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணும்"னான். (பலத்த சிரிப்பு)

அம்மையார் இன்னொன்றும் சொன்னார்கள். அதுதான் அவர்கள் கட்சியின் அச்சாணி. "சும்மா கிடக்கிற நிலத்துல களைதான் முளைக்கும். சும்மா இருக்கிற பிள்ளையும் அப்படித்தான்" என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா, நீங்க நிலத்தைப் பத்திப் பேசுனதால நானும் நிலத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். மானாவாரிக்காரன் சித்திரையில என்ன செய்வான்? கோடை மழை ஒண்ணு பெஞ்சா உடனே ஏரைப் பூட்டிடுவான். இப்ப டிராக்டர், அதனால என்ன. உழுதுட்டு விதைக்கிறானா? இல்லை. புரட்டிப் போட்டுட்டுப் பேசாம வந்துடுறான். "சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்"னு பழமொழியே வச்சிருக்கான். ஏன்? அடிமண்ணுல ஒளிஞ்சிருக்கிற கூண்டுப்புழு மேல வந்து வெயில்ல சாகும். மிச்சத்தைக் கொக்கும் மைனாவும் பொறுக்கும். களையோட வேர் காஞ்சு போகும். அடுத்து வர்ற மழைத் தண்ணி ஓடிப் போகாம உள்ள இறங்கும். மேலோட்டமாப் பாத்தா அது சும்மா கிடக்கிற நிலம். விவசாயியைக் கேளுங்க, அங்க வேலை நடந்துக்கிட்டிருக்குன்னு சொல்லுவான். எந்த விவசாயியாவது, "நிலம் ரெண்டு மாசம் சும்மா கிடக்கே, நெல்லு, கம்பு, பருத்தி, மிளகாய் நாலையும் ஒண்ணா விதைச்சிடுவோம்"னு கிளம்புவானா? நம்ம மட்டும் பிள்ளை மேல அஞ்சு விதையை ஒண்ணாத் தூவுறோமே! (கைதட்டல்)

அடுத்து வந்த கணினிப் பொறியாளர் தம்பி, "ஊருக்கு அனுப்பினாலும் அங்க போய்த் திண்ணையில உக்காந்து செல்போன்தானே பாக்குறான்" என்றார். நியாயமான கேள்வி. ஏன் பார்க்கிறான்? நாம் அவனை விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போகிறோம். இரண்டே நாள். கூடவே அப்பா, அம்மா, கார், மினரல் வாட்டர் பாட்டில் ஒரு டஜன். "தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு, பாட்டிக்கு முத்தம் குடு, ஒரு செல்பி எடு, வா கிளம்பலாம்." இதற்குப் பெயர் ஊருக்கு அனுப்புவதா? பெண் பார்க்கப் போகிறவன்கூட இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான்! (சிரிப்பு)

முப்பது வருசமாகப் பிள்ளைகளோடு மாரடிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அனுப்பினால் பத்து நாளாவது அனுப்புங்கள். நீங்கள் கூட இருக்காதீர்கள். நீங்கள் இருந்தால் அவன் எதற்கெடுத்தாலும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான், பாட்டி முகத்தைப் பார்க்க மாட்டான். முதல் மூன்று நாள் "போரடிக்குதும்மா" என்று போன் வரும். வரட்டும். நாலாவது நாள் போன் வராது. அஞ்சாவது நாள் நீங்களே போன் போட்டாலும், "அப்புறம் பேசுறேன்"னு வச்சிடுவான். இன்னொன்று. அங்கே பிள்ளைக்கு வேடிக்கை காட்டாதீர்கள், வேலை கொடுங்கள்.

என்ன வேலை? வத்தல் போடுகிற வேலை.

இங்க எத்தனை தாய்மார்களுக்குக் கூழ்வத்தல் போடத் தெரியும்? பரவாயில்லை, நிறையக் கை தூக்குறீங்க. முந்தின நாளே அரிசியை ஊற வச்சு நைசா அரைச்சு வச்சுக்கணும். விடியக் காலம் நாலு மணிக்கு அண்டாவுல தண்ணி கொதிக்கும். உப்பு, அரைச்ச பச்சை மிளகாய், சீரகம். மாவைக் கரைச்சு ஊத்தி, கட்டி தட்டாமக் கிண்டணும். வெந்து பளபளன்னு வரும்போது இறக்கி, எலுமிச்சம்பழம் பிழியணும். அந்தச் சூட்டோட மொட்டை மாடிக்குத் தூக்கிட்டு ஓடி, பழைய வேட்டியை விரிச்சு, நாலு மூலைக்கும் கல்லு வச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள அச்சுல போட்டுப் பிழிஞ்சு முடிக்கணும். சாயங்காலம் வேட்டியோட மடிச்சு எடுத்து, மறுநாள் திரும்பக் காய வைக்கணும். ஒட்டிக்கிட்டிருக்கிற வத்தலை எப்படி எடுக்கிறது? இழுத்தா உடைஞ்சு போகும். வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் லேசாத் தண்ணி தெளிச்சாத் தானா விட்டுக் குடுக்கும். இழுத்தா வராதது, பின்னால ஈரம் பட்டா வரும்னு அந்தப் பையன் கையாலயே தெரிஞ்சுக்குவான்.

அப்புறம் காக்காய்க் காவல். கறுப்புக் குடையை விரிச்சு வச்சிட்டு, கையில குச்சியோட மாடிப்படி நிழல்ல உக்காரணும். ஆனா ஒரு உண்மையை இந்த மேடையில ஒத்துக்கிறேன். எங்க வீட்டு வத்தலைக் காக்கா தின்னது கொஞ்சம், காவலுக்கு இருந்த நாங்க தின்னது அதிகம்! (சிரிப்பு) மேலே காய்ஞ்சு, உள்ளே இன்னும் மெதுமெதுன்னு இருக்கிற அந்த அரைக்காய்ச்சல் வத்தல் இருக்கே, நடுவர் அவர்களே, உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நீங்களும் தின்னிருக்கீங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எங்கள் ஊர் இராமநாதபுரம் சீமை. அங்கே இந்த மாதத்தில் களத்துக்குப் போனால் மண் தெரியாது, எல்லாம் சிவப்பு. முண்டு மிளகாய் காய்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே மிளகாய். பகலில் பரப்பிக் கிளறிவிட்டு, வெளுத்த பழத்தைத் தனியாகப் பொறுக்கி, பொழுது சாய்ந்ததும் குவித்து மூடி, மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். ஒரு சிறுவன் அங்கே நாலு நாள் நின்றால், ஈரமாக இத்தனை மூட்டை போட்டால் காய்ந்து எத்தனை மூட்டை வரும், கிலோவுக்கு விலை பத்து ரூபாய் இறங்கினால் வீட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான். அதற்கு அபாகஸ் வேண்டாம். மத்தியானம் பனங்காட்டிலிருந்து நுங்கு வரும். தின்று முடித்த கூந்தலை வீசிவிடாமல் இரண்டை எடுத்து, குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. பெட்ரோல் விலை ஏறினாலும் ஓடுகிற ஒரே வண்டி! (சிரிப்பு)

நான் தமிழாசிரியன். என்னுடைய நட்டத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் சங்கப் பாடல் நடத்தும்போது உறி என்று வரும். குதிர் என்று வரும். முன்னெல்லாம் "எங்க ஆச்சி வீட்டுல இருக்கு சார்" என்று நாலு குரல் கேட்கும். இப்போது கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறேன். என் ஓவியத்தில் உறியும் ஊஞ்சலும் ஒன்று போலவே இருக்கிறது. (சிரிப்பு) முதலாண்டு மாணவர்களிடம் ஒரு பயிற்சி கொடுப்பேன். "உங்கள் பாட்டியின் பெயர், அவர் பிறந்த ஊர், சின்ன வயதில் அவர் செய்த வேலை, மூன்றையும் எழுதுங்கள்." எழுத முடியாமல் வகுப்புக்கு வெளியே போய் அப்பாவுக்குப் போன் போட்டுப் பாட்டியின் பெயரைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. பாட்டி உயிரோடு இருக்கிறார், பெயர் "பாட்டி". போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறான்.

தொல்காப்பியர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார் அல்லவா? அதில் சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆறில் இரண்டு வெயிலுக்கே போய்விட்டது. அந்த வேனிலையும் நண்பகலையும் அவர் பாலைக்குக் கொடுத்தார். பாலைக்கு உரிய ஒழுக்கம் என்ன? பிரிவு. தலைவன் பொருள் தேடி வெயில் காயும் சுரத்தைக் கடந்து போவான், தலைவி இங்கே காத்திருப்பாள். அகநானூற்றில் மொத்தம் 400 பாட்டு. அதில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்ணில் வருகிற 200 பாட்டும் பாலைத்திணை. சரிபாதி! நம் முன்னோருக்குக் கோடை என்றால் அந்த அளவுக்குப் பிரிவு.

இன்னைக்கு நிலைமை தலைகீழ். ஜூன்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் நாம பிரிஞ்சிருக்கோம். அப்பா ஒரு ஊர்ல, அண்ணன் ஒரு ஊர்ல, பாட்டி தனியா. சேருறதுக்கு மிச்சம் இருக்கிறது இந்த வேனில் ஒண்ணுதான். அதையும் வகுப்புக்கு எழுதிக் குடுத்துட்டா, நமக்கு இளவேனிலும் பாலை, கார்காலமும் பாலை, வருசம் பூரா ஒத்தைப்படைப் பாட்டுத்தான்! (நீண்ட கைதட்டல்)

இப்போது எதிரணிக்கு நான் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுத்துவிடுகிறேன். அம்மையார் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார்கள். "ஊருக்குப் போனால் பிள்ளைக்கு லீவு, எனக்கு ஏது லீவு? மாமியார் வீட்டில் இருபது பேருக்கு ஆக்கிப் போடணும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது உண்மை. நான் வர்ணித்த அந்தக் கூழ்வத்தலைக் காலை நாலு மணிக்குக் கிண்டியது யார்? எங்கள் அம்மாவும் சித்தியும். நாங்கள் எழுந்து வந்தபோது அது வேட்டியில் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே கணவன்மார்களே, கூழ் கிண்டத் தோளில் வலு வேண்டும். அச்சுப் பிழியக் கையில் வலு வேண்டும். இரண்டும் நமக்கு இருப்பதாகத்தானே சொல்லிக்கொண்டு திரிகிறோம்? போன வருசம் நான் பிழிந்தேன். என் மனைவி முன் வரிசையில்தான் இருக்கிறார்கள், அதனால் முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிசத்தில் கை ஓய்ந்துவிட்டது. ஆனால் பிழிந்தேன். (சிரிப்பு, கைதட்டல்)

வெயில் என்றும் பயமுறுத்தினார்கள். பயப்பட வேண்டியதுதான். 2003 மே மாதக் கடைசியில் சென்னையிலேயே 45 டிகிரி செல்சியஸ் அடித்தது. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் பிள்ளை நிழலில் இருக்கட்டும். பல்லாங்குழி, தாயம், அதுவும் இல்லையென்றால் தூக்கம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர், நீர்மோர், பானகம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பிள்ளை வாந்தி, வயிற்றோட்டம் என்று துவண்டால், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதை எல்லாப் பாட்டியும் சுவரில் எழுதி ஒட்டலாம். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நினைவில்லாத வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகையில் ஒரு செய்தி வருகிறது. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த சிறுவர்கள், கிணறு, கண்மாய், கல்குவாரி. படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. உள்ளூர்ப் பையனுக்குத் தண்ணீர் தெரியும், எங்கே பள்ளம் என்று தெரியும். பட்டணத்துப் பையனுக்குத் தெரியாது. மண் அள்ளின கண்மாயில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் உயரப் பள்ளம் இருக்கும். அதனால் பெரியவர் ஒருவர் கூட இறங்காமல் பிள்ளை தண்ணீருக்குப் போகக் கூடாது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்புக் கயிற்றை மாமா பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்த நீச்சல்தான் எங்கள் நீச்சல். அப்படி ஒரு மாமா ஊரில் இல்லையென்றால், எதிரணி நண்பர்களே, உங்கள் நீச்சல் வகுப்புக்கு நானே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறேன். அதில் எனக்கு வீம்பு இல்லை. (கைதட்டல்)

"எங்களுக்கு ஊரே இல்லையே சார்" என்பவர்கள் உண்டு. தலைப்பில் ஊர் என்று இல்லை, உறவுகளின் வீடு என்றுதான் இருக்கிறது. அடுத்த பேட்டையில் அத்தை இருப்பாள். மாடிக் குடியிருப்பில் பெரியப்பா இருப்பார். அங்கே அனுப்புங்கள். அந்தப் பெரியப்பாவை விட்டே பிள்ளையைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ, கீழடி அருங்காட்சியகத்துக்கோ கூட்டிப் போகச் சொல்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் மதுரையில் இருந்தால், நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் கழுவ நிறுத்துங்கள். அன்றைக்கு அவனுக்கு ஆயிரம் பேர் உறவு.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சிட்டாங்க. ஒரே ஒரு சேதி, அய்யா. இதுவரை எதிரணியைக் குறை சொன்னேன். இது என் குறை.

எங்க வீட்டு நிலைக்கதவுல எங்க அம்மா ஒரு பழக்கம் வச்சிருந்தாங்க. பேரன் பேத்தி லீவுக்கு வந்து இறங்கினதும் நிலையோட சேத்து நிக்க வச்சு, தலைக்கு மேல அடுப்புக் கரியால ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்துல எழுத்து கிடையாது, அவங்களுக்கு எழுதத் தெரியாது. ஆனா எந்தக் கோடு யாரோடது, எந்த வருசத்துதுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவாங்க. என் பையனுக்கு ஆறாம் வகுப்பு லீவு வரைக்கும் கோடு இருக்கு. அதுக்கப்புறம் நான் புத்திசாலியாகிட்டேன். ஏழு முடிச்ச லீவுல ஆங்கிலம் பேசற வகுப்பு. எட்டு முடிச்சதும் கம்ப்யூட்டர். ஒன்பது முடிச்சதும் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துறாங்கன்னு ஒரு இடத்துல சேத்தேன். பத்து முடிச்சதும் பதினொண்ணு, பதினொண்ணு முடிச்சதும் பன்னெண்டு. அந்த வகுப்புகளால அவனுக்கு ஒண்ணுமே கிடைக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். கிடைச்சுது. மார்க்கும் வந்துச்சு. ஒவ்வொரு சித்திரையிலயும் அம்மா போன்ல கேப்பாங்க, "எப்பப்பா அனுப்புற?" நான் சொல்லுவேன், "அடுத்த வருசம்மா." வைகாசியில பஸ்ல கூழ்வத்தல் பார்சல் வரும், பேரன் பேரைச் சொல்லி.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துதான் அவன் போனான். ஐந்தே முக்கால் அடி. அம்மா வழக்கம் போல அடுப்படியிலிருந்து கரித்துண்டை எடுத்து வந்தார்கள். நிலையோடு நிற்க வைத்தார்கள். கை எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறப் போனார்கள், இவன் பதறிப்போய், "அப்பத்தா, விழுந்துருவே, நானே போட்டுக்குறேன்" என்றான். விடவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி, கோடு போட்டு, இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். கீழே ஆறாம் வகுப்புக் கோடு. மேலே இந்தக் கோடு. நடுவில் வெறும் மரம்.

கோபமெல்லாம் இல்லை. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. "நடுவுல அஞ்சு கோட்டைக் காணோமேடா. அந்த அஞ்சு வருசம் எங்கடா வளந்த?"

அவன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு போன் போடுங்கள், தாய்மார்களே. அம்மாவுக்கோ, மாமியாருக்கோ, அத்தைக்கோ. "பிள்ளைகளை எப்ப அனுப்பட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். தீர்ப்பு நடுவர் கையில். பஸ் டிக்கெட் உங்கள் கையில்.

(நீண்ட கைதட்டல்)